ஆட்டம் அமைப்பதும் ஆராய்ச்சியே

"விளையாட்டுப் பிள்ளை" என்பது நம் வீடுகளில் வசைச்சொல். அவ்வாறிருக்க, விளையாட்டை அமைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு நம் பெரியவர்கள் பெண் கொடுப்பார்களா? ஐயந்தான்! ஆயினும் உலகில் அத்தகையோர் உளர். அவர்களது உழைப்பு எவருடைய உழைப்புக்கும் இளைத்ததன்று. பழம்பெருமை பேசும் நாம் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு.

பலகை விளையாட்டு அமைப்பவரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது? மின்னலெனக் கருத்துத் தோன்றியதும் மறுநாளே ஆட்டம் கடைக்கு வந்துவிடுவதில்லை. அட்டையை வெட்டுகிறார், கோடு கிழிக்கிறார், விதிகளை எழுதுகிறார். நால்வரை அழைத்து ஆடச் செய்து, வாய் திறவாமல் பார்த்திருக்கிறார். எங்கே கொட்டாவி விட்டனர்? எந்த விதி விளங்காமல் விழித்தனர்? முதலில் ஆடுபவனே எப்போதும் வெல்கிறானா? எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஒரே ஒரு விதியை மாற்றுகிறார்; மறுபடியும் ஆட்டம். பின்னர் விதித்தாளை மட்டும் முன்பின் அறியாதார் கையில் கொடுத்து, ஒரு சொல்லும் விளக்காமல் ஒதுங்கி நிற்கிறார். இத்தனைக்கும் பிறகு கம்பெனிக்காரர் "வேண்டாம்" என்று சொன்னால், மறுநாள் காலை மீண்டும் அட்டையும் கத்தரிக்கோலுமே கதி. ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாற்றாது சோதிப்பது ஆய்வுக்கூடத்து மாணவருக்குப் புதிதா, தோழர்களே?

அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரெட் பட்ஸ். செய்தித்தாளை விரித்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அக்கணக்கின்மேல் எழுந்த ஆட்டமே 1948-இல் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் 'எஸ்' மிகுதியாக வரும் எழுத்து. ஆயினும் 100 சில்லுகளில் அதற்கு 4 மட்டுமே தந்தார். ஏன்? சொல்லின் வாலில் 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கி எளிதில் வெல்லலாகாது என்பதற்காக! எண்ணிக்கை ஒருபுறம், மனித இயல்பு ஒருபுறம். இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே இத்தொழில்.

உழைப்புக்கு எப்போதும் ஊதியம் கிட்டியதா? இல்லை. நிலவுடைமையாளர் கொள்ளையை உலகுக்கு உணர்த்த எலிசபெத் மேகி என்னும் அம்மையார் ஓர் ஆட்டம் அமைத்து, 1904-இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே மோனாப்பொலி. அது 1935-இல் சந்தைக்கு வந்தபோது, புகழும் பணமும் சார்லஸ் டாரோ என்பவருக்குப் போயின. அம்மையாருக்குக் கிடைத்ததோ 500 டாலர்!

நம் நாட்டில் அமைத்தவர் பெயர்கூட எஞ்சவில்லை. நான் வாழும் கார்டன் ரீச்சை அடுத்தது மட்டியாபுர்ஜ். 1856-இல் அவத் நாட்டை ஆங்கிலேயர் பறித்தபின், நவாப் வாஜித் அலி ஷா 1887-இல் இறக்கும்வரை வாழ்ந்த இடம் அது. அந்நாடு பறிபோகும் வேளையிலும் சதுரங்கத்தில் மூழ்கிக் கிடந்த இரு சீமான்களைப் பற்றிப் பிரேம்சந்த் கதை எழுதினார். சத்யஜித் ராய் 1977-இல் அதைப் படமாக்கினார். ஆடியவர் கதையானார், அமைத்தவர் யார்? இன்று கார்டன் ரீச்சின் சந்துகளில் இளைஞர்கள் கைப்பேசியில் லூடோ ஆடுகிறார்கள். நம் பச்சீசிதான் கடல் கடந்து, ஆங்கிலப் பெயர் பூண்டு திரும்பியிருக்கிறது. நம் பரமபதமும் அவ்வாறே பாம்பும் ஏணியுமாகி வந்தது.

"எல்லாம் நம்முடையவை" என்று மார்தட்டினால் போதுமா? ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு 15 ஆடு. ஆடு குறைந்தால் புலிக்கு வேட்டை. கூடினால் புலிக்குச் சிறை. ஆடியும் தோற்றும் திருத்தியும் அன்றோ இக்கணக்கைக் கண்டிருப்பார்கள்! அவர்கள் விட்டுச் சென்ற சொத்து ஆட்டம் மட்டுமன்று, அந்த உழைப்புமாகும். முன்னதை மெச்சுகிறோம், பின்னதை மறந்தோம்.

ஆதலின் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பட்ஸ் எண்ணிய ஆங்கிலத்துக்கு 26 எழுத்தே. நம் தமிழுக்கு 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு சில்லா? அல்லது உயிரையும் மெய்யையும் தனித்தனியே தந்து, ஆடுவோரையே சேர்க்கச் சொல்வதா? 'மரம்' என்னும் சொல் 'மரத்தை', 'மரத்தால்', 'மரங்களுக்கு' என நீண்டுகொண்டே போகுமே, எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? இலக்கணமும் கணிதமும் கைகோக்க வேண்டிய நல்ல ஆய்வு இது. இலக்கிய மாணவரும் விஞ்ஞான மாணவரும் கூடி, இவ்விதழின் ஒரு பக்கத்தை எடுத்து எழுத்துகளை எண்ணத் தொடங்கட்டும். அட்டை வெட்டுவோம், விடுதியில் ஆடிப் பார்ப்போம், பிழை கண்டால் திருத்துவோம். எண்ணிக்கையையும் தோல்விகளையும் ஒளிக்காமல் அடுத்த இதழில் அச்சிடுவோம். பழையதைப் போற்றும் கைகள் புதியதொன்றையும் செய்யட்டும்!