தாலாட்டத் தெரிந்தால் போதுமா?

ஆடு மாடுகளுக்கு மருத்துவம் பார்க்கப் பட்டம் வேண்டும். பேருந்து ஓட்ட உரிமம் வேண்டும். எங்கள் சீருடையைத் தைத்துத் தரும் அக்காகூடத் தையல் தேர்வில் பெற்ற சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். ஆனால், எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாத ஒரு கைக்குழந்தையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள மட்டும் எந்தப் பயிற்சியும் வேண்டாமாம்! "பெண்ணாய்ப் பிறந்தவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தானாக வரும்" என்கிறார்கள். இக்கூற்றை ஏற்க எங்கள் மனம் மறுக்கிறது. காரணம் உண்டு.

ஏழாம் வகுப்பு வரை எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த தோழி ஒருத்தி இருந்தாள். கணக்கில் எங்கள் எல்லோரையும் முந்துபவள். அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். தாயார் கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாள். அவர் மீண்டும் வேலைக்குக் கிளம்பியபோது குழந்தையை விட்டுச் செல்ல இடமில்லை. எனவே தோழி பள்ளியை விட்டு நின்றாள்.

தம்பி தவழத் தொடங்கிய காலத்தில் அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும்" என்று அக்கம்பக்கத்தார் கூறியதை நம்பி, காலை முதல் மாலை வரை ஒரு சொட்டு நீரும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். தாயார் வந்து பார்த்தபோது குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். "நான்தானே அவனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்" என்று எங்களிடம் சொல்லி அவள் அழுத அழுகையை நாங்கள் மறக்கவில்லை.

அவளிடம் அன்பு குறைவா? இல்லை. அறிவு கொடுக்கப்படவில்லை. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைக் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டியிருந்தால் நீர் வற்றாமல் காத்திருக்கலாம். உப்பின் அளவு கூடினால் அதுவே ஆபத்து என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். அன்று எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இப்படித் தெரிந்துகொள்ள வேண்டியவை எத்தனையோ! கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே உறங்கச் செய்ய வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். வேர்க்கடலை தொண்டையில் அடைத்துக்கொண்டால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, முதுகில் ஐந்து முறை தட்ட வேண்டும். மூன்று வயதுக்குள் மூளை ஏறக்குறைய 80 விழுக்காடு வளர்ந்துவிடுகிறது. ஆகவே குழந்தையோடு பேசுவதும், அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி சொல்வதும் வீண் கொஞ்சல் அல்ல, கல்வியே. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

"நம் பாட்டிமார் எந்தச் சான்றிதழ் பெற்றார்கள்?" என்று சிலர் கேட்கலாம். அவர்களும் பயிற்சி பெற்றவர்களே. தாயின் அருகிலும் மாமியாரின் அருகிலும் இருந்து ஆண்டுக்கணக்கில் கற்றார்கள். காப்பகத்தில் பணிபுரியும் ஆயாவின் நிலை வேறு. அவர் முன்னே பிறர் பெற்ற பத்துப் பிள்ளைகள். ஒன்றுக்குப் பசி, ஒன்றுக்குக் காய்ச்சல், ஒன்று வாசலை நோக்கித் தவழ்கிறது. அன்பு ஒன்றே இங்குப் போதுமா?

இது புதிய கோரிக்கையும் அன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, ஆலைகளின் குழந்தைகள் அறை பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவ்வாறே கூறியது. ஆனால், இடம் மாறிக்கொண்டே இருக்கும் சித்தாளுக்கு ஆலை ஏது? தோட்டம் ஏது? இதை எண்ணித்தான் 1969-இல் மீரா மகாதேவன் அம்மையார் தில்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். அதுவே 'மொபைல் கிரெஷஸ்' என்னும் அமைப்பாக வளர்ந்து, பணியாளர்களுக்குப் பயிற்சியும் அளித்துவருகிறது.

பயிற்சியின் பயனை நம் தமிழகமே கண்டது. 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்று, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை குறைவதை அட்டையில் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது.

சென்ற ஆண்டு சமூகப் பணிக்காகச் சிஸ்டருடன் ஓர் அங்கன்வாடிக்குச் சென்றோம். அங்குள்ள டீச்சர் ஒரு குழந்தையை நிறுத்துவிட்டு, தாயாரிடம், "போன மாதத்தைவிட இருநூறு கிராம் குறைவு, காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டார். பயிற்சி பெற்ற கண் அது! ஆனால் அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகள் எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவும் வந்து திரும்புகிறார்கள். பகல் முழுதும் அங்கே தங்குவோர் பெரிய பிள்ளைகளே. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்க 2022-இல் 'பால்னா' திட்டம் வகுக்கப்பட்டது. அது எங்கள் தோழியின் தெரு வரை வர வேண்டும்.

1975-இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது அதன் ஊழியருக்கு மத்திய அரசு வைத்த பெயர் 'கௌரவப் பணியாளர்'. கௌரவம் பெயரில் இருந்தால் போதுமா? குழந்தை காப்போருக்கு, செவிலியருக்கு இருப்பதுபோல், நேரில் செய்து பழகும் முறையான பயிற்சியும், சான்றிதழும், அதற்கேற்ற ஊதியமும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. குழந்தை வளர்ப்பு பள்ளிப்பாடமாகவும் வேண்டும். அதை எங்கள் அண்ணன் தம்பிகளும் படிக்க வேண்டும்.

எங்கள் தோழி இன்று தம்பியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் பார்த்துக்கொள்கிறாள். ஊரார் பார்வையில் அவள் 'சும்மா வீட்டில் இருக்கும் பெண்'. அந்த மூன்று பிள்ளைகளையும் ஏற்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால், அவள் மறுபடி புத்தகம் எடுப்பாள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத அவளுக்கு ஆசை உண்டு. எங்கள் பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். படிப்பதற்கு நேரத்தை யார் கொடுப்பது? பெரியோர்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி