பெயர் சொல்லி அழுவோம்

போதைப்பொருளுக்கு ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில், துக்கம் கேட்க வருவோர் முதலில் வினவுவது, "எப்படி நடந்தது?" என்பதுதான். "மாரடைப்பு" என்று சொல்லிக் குடும்பத்தார் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சிக் காரணத்தை மறைக்கும்போது அழுகையையும் சேர்த்தே மறைக்க நேர்கிறது. சமூகம் ஏற்க மறுக்கும் இத்தகைய துயரம் குறித்து அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் ஒரு நூலே தொகுத்து வெளியிட்டார். மறைத்த துயரம் தானாக ஆறுவது அரிது. அதனைச் சொல்ல ஒரு வழி வேண்டும். பாடல் எழுதுவது அவ்வழிகளுள் ஒன்று என்பது எங்கள் கருத்து.

கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங்கின் அனுபவம் இதற்குச் சான்று. அவரோடு வாசித்துவந்த கிதார் கலைஞர் டேனி விட்டன், ஹெராயின் பழக்கத்தால் வாசிக்க இயலாத நிலையை அடைந்தார். 1972 நவம்பரில் ஒத்திகையிலிருந்து யங் அவரைத் திருப்பி அனுப்பினார். அன்றிரவே விட்டன் இறந்தார். அடுத்த ஆண்டு, இசைக்கருவிகளை ஏற்றி இறக்கும் பணியாளர் புரூஸ் பெர்ரி ஹெராயினுக்குப் பலியானார். இருவரின் நினைவாகவும் 'டுநைட்ஸ் தி நைட்' என்னும் பாடல் தொகுப்பு 1975இல் வெளிவந்தது. தலைப்புப் பாடலில் பெர்ரியின் பெயர் வெளிப்படையாக வருகிறது. அவர் செய்த வேலையும், இரவில் கிதாரை எடுத்துப் பாடும் வழக்கமும் அதில் இடம்பெறுகின்றன. 1970இல் மேடையில் விட்டன் பாடிய பாடல் ஒன்றும் அத்தொகுப்பில் உண்டு. யங்கின் குரல் பல இடங்களில் தடுமாறுகிறது. அவர் அதைத் திருத்தாமலே விட்டார்.

தமிழர்க்கு இது புதிதன்று. தலைவனை இழந்து கலங்கிப் பாடுவதற்குக் 'கையறுநிலை' என்று ஒரு துறையையே வகுத்தது நம் இலக்கிய மரபு. ஒப்பாரியில் நம் பாட்டிமார் இறந்தவரின் குணத்தையும் உழைப்பையும் சொல்லி அழுதனர். விட்டுப் போனதற்காக அவரோடு சண்டையும் இட்டனர். போதையால் நேர்ந்த சாவுக்கு மட்டும் அவ்வுரிமையை மறுப்பது ஏன்?

எழுதுவதற்கு இசைப்பயிற்சி தேவையில்லை. தெரிந்த தாலாட்டு மெட்டு ஒன்று போதும். முதலில் அவர் பெயரை எழுதுங்கள். அவர் விரும்பி உண்டதையும், சிரித்த சிரிப்பையும், கற்ற தொழிலையும் எழுதுங்கள். விற்றுத் தீர்த்த நகையையும், சொன்ன பொய்களையும், உங்கள் கோபத்தையும் எழுதுங்கள். அன்பும் கோபமும் ஒரே பாடலில் அருகருகே இருக்கலாம். அதனை எவருக்கும் பாடிக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவரேனும் கேட்டால் பாரம் சற்றுக் குறையும்.

பாடல் சிகிச்சைக்கு மாற்றாகாது. உணவும் உறக்கமும் தொடர்ந்து கெட்டாலோ, வாழ விருப்பமில்லை என்று தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் கூறுங்கள். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். போதையிலிருந்து மீண்டு வருவோர் தம் நண்பருக்காக எழுத விரும்பினால், ஆலோசகரின் துணையோடு எழுதுவது நல்லது; போதை அனுபவத்தை விவரிப்பது பழைய வேட்கையைக் கிளறக்கூடும்.

போதை அடிமைத்தனம் ஒரு நோய். வேறு நோயால் இறந்தவரை நாம் பெயர் சொல்லி அழுகிறோம். இவரையும் அவ்வாறே அழுவோம்.