‘இண்ட்ரட்யூஸ் யுவர்செல்ஃப்’: இது ஆங்கிலப் பாடமா, சாதி விசாரணையா?

நாகர்கோவிலில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. எந்த வகுப்பு என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்று ஆகிவிடும்.

முதல் நாள், முதல் பாடம், செல்ஃப் இண்ட்ரடக்‌ஷன். போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்: ‘மை நேம் இஸ்... மை ஃபாதர்ஸ் நேம் இஸ்... மை ஃபாதர் இஸ் எ... ஐ ஆம் ஃப்ரம்...’ கோடிட்ட இடத்தை நிரப்பி, எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பிலிருந்து போன ஒரு தங்கச்சியின் முறை வந்தது. நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதத் தயாராகிறவள். தன் பெயர் சொன்னாள். அப்பா பெயர் சொன்னாள். ‘மை ஃபாதர் இஸ் எ...’ என்றதும் நின்றுவிட்டாள்.

“நோ கான்ஃபிடன்ஸ்! ஸ்பீக் அவுட்!” என்று பயிற்சியாளர் மேசையைத் தட்டினார். வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் போகவில்லை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

பிறகு என்னிடம் சொன்னாள்: “அண்ணே, இங்கிலீஷ் தெரியாம நிக்கல. ஸ்வீப்பர்ங்கிற வார்த்தை எனக்குத் தெரியும். அதச் சொன்னா அடுத்தது எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்னு கேப்பாங்க. அதான் நின்னுட்டேன்.”

தோழர்களே, அந்தப் பலகையில் இருந்த வரிசையை மறுபடி பாருங்கள். பெயர் என்ன, அப்பா யார், அப்பாவுக்கு என்ன வேலை, எந்த ஊர். நம் ஊர் டீக்கடையில் ஒரு புது ஆளைச் சாதி பிடிக்கக் கேட்கிற கேள்விகள் இதே வரிசையில்தான் வருகின்றன. ‘காலனி’ என்ற சொல் வசையாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குகிறோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசுக்கே புரிந்த விஷயம் ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டருக்குப் புரியவில்லை. விலாசத்தைச் சொல்லச் சொல்லி ஒரு பெண்ணை நாற்பது பேர் முன்னால் நிறுத்துகிறார். அவள் வாயடைத்து நின்றால் அதற்குத் ‘தன்னம்பிக்கைக் குறைவு’ என்று பெயர் வைக்கிறார்.

அந்தத் தங்கச்சி நின்றது நாக்கில் குறை இருந்ததால் இல்லை. எங்கே எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்ததால் நின்றாள்.

‘நான்’ என்று சொல்ல விடாத மண்

இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மண். 1855இல் அடிமைமுறையை ஒழித்து அரச பிரகடனம் வரும்வரை எங்கள் மூதாதையர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். மேல்சாதிக்காரன் முன்னால் ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தன்னைக் குறிக்கிற சொல்லைக்கூட ஒருவன் வாயிலிருந்து பிடுங்கி வைத்திருந்த சமூகம் இது. அந்தப் பரம்பரையில் வந்தவளைப் பார்த்துத்தான் “ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிற?” என்று கேட்கிறார்கள்.

ஆனால் இதே மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தில் பிறந்தவர், தஞ்சாவூர் போய் அங்கிருந்த மிஷனரிகளைச் சந்தித்து வேதமாணிக்கமாகத் திரும்பினார். ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்ற அவருடைய அழைப்பின் தொடர்ச்சியாகத்தான் 1806இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்தார். தேவாலயமும் பள்ளிக்கூடமும் வந்தன. அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவில் செமினரி வளர்ந்து, பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. இன்று இந்த மாவட்டம் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் என்று எல்லோரும் மார்தட்டுகிறார்கள். அந்தப் பெருமையின் தொடக்கத்தில் ஒரு தலித் நடந்த நடை இருக்கிறது. ஆகவே ஆங்கிலம் எங்களுக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. நாங்கள் தேடிப் போய் அழைத்து வந்தது.

அந்த மிஷனும் சமமாக உட்கார்ந்து பேசும் உரிமையை முழுதாகத் தந்துவிடவில்லை. சாம்பவர் வழிவந்த லோயிஸ் பிடல்ஃபை மீட் மணந்தபோது மிஷனுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, அவர் விலக நேர்ந்தது. பாடம் கொடுப்பார்கள், பக்கத்தில் உட்கார வைக்கமாட்டார்கள். வகுப்பறையின் இந்தப் பழைய வியாதி இன்றும் போகவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

தன்னம்பிக்கை பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்களிடம் நான் ஒரு கணக்கைத்தான் கேட்கிறேன். வகுப்பில் 50 பேர். ஒரு மணி நேரம். அதில் மாஸ்டர் டென்ஸ், வாய்ஸ், ஆர்ட்டிகிள் என்று 40 நிமிடம் பேசுகிறார். மீதி 20 நிமிடத்தில் ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும். ஆளுக்கு 24 விநாடி. முப்பது நாளும் தவறாமல் போனாலும் ஒரு மாதத்தில் ஒருவர் பேசியது மொத்தம் 12 நிமிடம்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் பேச்சுப் பகுதி மட்டுமே 11 முதல் 14 நிமிடம். அதற்குள் ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்யக் கேட்டலிலும் வாசிப்பிலும் பேச்சிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். பேச்சை விட எழுத்துக்குத்தான் அவர்களே தளர்வு கொடுத்திருக்கிறார்கள். இங்கே வகுப்பில் நடப்பதோ முழுக்க எழுத்து. மாதம் முழுக்கப் பேசியதை ஒரே மூச்சில் தேர்வில் பேசு என்றால் யார் பேசுவார்? கான்வென்டில் படித்து, வீட்டில் அப்பா அம்மாவோடு ஆங்கிலம் பேசி வளர்ந்தவன் பேசுவான். அவனுக்கு இந்த வகுப்பே தேவையில்லை. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு 24 விநாடி.

அதே அறை, அதே 50 பேர், அதே மாஸ்டர். அந்த 20 நிமிடத்துக்கு இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துப் பேசவிட்டால் ஆளுக்கு 10 நிமிடம். மாதத்துக்கு 5 மணி நேரம். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. ஏன் செய்வதில்லை? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை மாதிரி இருக்குமாம். மாஸ்டர் பேச, மற்றவர் வாய்பொத்திக் கேட்பதுதான் ஒழுக்கமாம். இந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாதா?

காதை மறந்த வகுப்புகள்

பேச்சுக்காவது 24 விநாடி கிடைக்கிறது. காதுக்கு அதுவும் இல்லை.

புத்தகத்தில் பார்த்தால் புரிகிற வாக்கியம் காதில் விழுந்தால் புரிவதில்லை. ‘கப் ஆஃப் டீ’ என்று படித்திருப்போம், அவர்கள் ‘கப்பா டீ’ என்பார்கள். ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என்று விழும். இது நமக்குப் புதிதா? ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எந்தத் தமிழன் வாயால் சொல்கிறான்? ‘வந்திட்டிருக்கேன்’ என்கிறோம். எல்லா மொழியிலும் பேச்சு எழுத்தை விழுங்கும். விழுங்கியதைப் பிடிக்கக் காதைப் பழக்க வேண்டும். இன்னொன்று, ‘பின்’ என்று தமிழில் எழுதினால் குத்துகிற ஊசியும் அதுதான், குப்பைத் தொட்டியும் அதுதான். ஆங்கிலக் காதுக்கு அவை இரண்டு. இந்த வேறுபாட்டை ஜோடி ஜோடியாகச் சொல்லிக் கேட்க வைக்காமல் ‘உச்சரிப்பு சரியில்லை’ என்று திட்டி என்ன பயன்?

ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்வில் 40 கேள்வி. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அதற்குப் பயிற்சி என்று, நான்கு மின்விசிறி சத்தம் போடும் ஹாலில், மாஸ்டர் தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஒருமுறை ஓட்டிவிட்டு விடைகளை வாசித்துவிடுகிறார். அது சோதிப்பது மட்டும்தான், அதில் கற்பித்தல் எங்கே இருக்கிறது? கற்பிப்பதென்றால் ஒரு நிமிடப் பேச்சு போதும். முதல் முறை, என்ன விஷயம் என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டாம் முறை, யார், எங்கே, எத்தனை என்று குறிக்க வேண்டும். மூன்றாம் முறை, எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தெந்தச் சொல் விழுங்கப்பட்டது என்று அடிக்கோடிட வேண்டும். நான்காம் முறை, தாளை மூடிவிட்டுக் கேட்க வேண்டும். பிறகு அதைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். இப்படி முப்பது நாள் செய்தால் காது திறக்கும்.

“வயசாயிட்டு, இனி நாக்கு வளையாது” என்பது இன்னொரு புளுகு. களியக்காவிளை தாண்டி வேலைக்குப் போகிற நம் கொத்தனாரும் சித்தாளும் எந்த வகுப்புக்குப் போய் மலையாளம் படித்தார்கள்? கடற்கரையில் பாசிமாலையும் சங்கும் விற்கிற அக்காமார் வடநாட்டுப் பயணிகளிடம் இந்தியில் பேரம் பேசுவதை நீங்கள் பார்த்ததில்லையா? யாரும் அவர்களுக்கு வேற்றுமை உருபு நடத்தவில்லை. கேட்டார்கள், கேட்டதைச் சொன்னார்கள், தப்பாகச் சொன்னபோது யாரும் மேசையைத் தட்டவில்லை, வேலை நடந்தது. அதே கொத்தனாரை ஆங்கில வகுப்பில் உட்காரவைத்தால் முட்டாளாகிவிடுகிறார் என்றால், குற்றம் யாரிடம்?

இது வெறும் திண்ணைப் பேச்சு இல்லை. என். எஸ். பிரபு என்ற மொழிக்கல்வி அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களில் சாதாரணப் பள்ளிகளிலேயே இதைச் செய்துபார்த்தார். இலக்கணத்தை முன்னால் வைக்காமல் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, ஆங்கிலத்தில் கேட்டுப் புரிந்து ஒரு வேலையை முடிக்க வைத்தார். பேசு பேசு என்று கட்டாயப்படுத்தவில்லை. கேட்டுக் கேட்டுத் தயாரானபோது அவர்களே பேசினார்கள். உலகமெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இதைப் படிக்கிறார்கள். நம் ஊர் மாஸ்டர்கள் இன்னும் ‘ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்’.

முதல் பாடம் எதுவாக இருக்க வேண்டும்?

எங்களுக்குக் கேட்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். அது கட்டளையைக் கேட்பது. புரியாவிட்டால் “திரும்பச் சொல்லுங்க” என்று கேட்கும் உரிமை அதில் கிடையாது. ஆகவே எங்கள் மக்களுக்கான ஆங்கில வகுப்பில் முதல் வாக்கியம் ‘மை நேம் இஸ்’ ஆக இருக்கக்கூடாது. ‘ஸாரி, கேன் யூ ஸே தட் எகெய்ன்?’ என்பதாக இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில்கூடக் கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் சொன்ன மருந்தின் அளவு காதில் சரியாக விழாதபோது, மறுபடி கேட்கக் கூசுகிற நர்ஸால் ஓர் உயிர் போகலாம். திரும்பக் கேட்கும் துணிவு மொழித்திறனின் ஒரு பாகம்.

ஆங்கிலமே எங்களுக்கு வேண்டாம், அது ஏகாதிபத்திய மொழி என்று மேடையில் முழங்குகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு முழங்குங்கள். இந்தப் பக்கம், உத்தரப்பிரதேசத்தின் பன்கா கிராமத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்ட முனைந்தார். அதன் பின்னால் இருந்த பசியை நான் மதிக்கிறேன். ஆனால் தெய்வமாக்கித் தூரத்தில் வைத்துக் கும்பிடுவது எங்களுக்கு வேண்டாம். தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சோறாக வேண்டும்.

அரசிடம் கேட்பதும் இதுதான். ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ வழியாக ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளுக்குப் பயிற்சி அறிவிக்கப்படுகிறது. 2022 மார்ச் 1இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளில் ஆங்கிலப் பேச்சுத்திறனைச் சேர்த்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்ற கணக்கு வேண்டும்.

ஒரு வகுப்பில் 15 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்குத் தினம் குறைந்தது 10 நிமிடப் பேச்சு, 20 நிமிடக் கேட்டல். சேரும் நாளில் ஒரு பேச்சைப் பதிவு செய்யுங்கள், முடியும் நாளில் இன்னொன்றைப் பதிவு செய்யுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் கொடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில், எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் நடத்துங்கள். அறிவொளிக் காலத்தில் கூலிவேலை முடிந்து வந்த பெண்களுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க முடிந்தது என்றால் இதுவும் முடியும். அப்பாவின் தொழிலையும் ஊர்ப்பக்கத்தையும் கேட்கிற பாடத்தை நாளைக்கே கிழித்துப் போடுங்கள். அறிமுகம் வேண்டுமானால், நேற்று நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இந்த மாவட்டத்தில் தலித்துகள் ஏறக்குறைய நான்கு சதவீதம்தான். ஓட்டுக் கணக்கில் எங்களை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அதனால்தான் எங்கள் குரல் எங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அந்தத் தங்கச்சி இப்போது எங்கள் படிப்பகத்தில், சாயங்காலம் ஏழு பேரோடு உட்கார்ந்து பேசிப் பழகுகிறாள். இரண்டு பழைய கைப்பேசி, ஒரு பாய், அவ்வளவுதான் வசதி. தேர்வு இன்னும் எழுதவில்லை. போன வாரம் ஒரு ஒலிப்பதிவை மூன்றாம் முறை ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் வேகமாக அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன். “வெயிட் அண்ணே, ஒன்ஸ் மோர்” என்று என்னை நிறுத்தினாள். நான் நிறுத்தினேன்.

ஜெய்பீம்!