கயிறு பிடித்து நிற்பவர் யார்?

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அந்தச் சலாபத்தில் மூழ்கிய இளைஞர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைகள் அதைப் போனில் பிடித்து வைத்துவிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

போனைப் பொறுத்தவரை அது நேற்று எடுத்த படம். கூகுள் போட்டோஸில் ‘படகு’, ‘கடல்’ என்று தேடினால் எடுத்துக் காட்டிவிடும். அது தோணியா வள்ளமா, மூழ்கியது முத்துக்கா சங்குக்கா என்று கேட்டால் விழிக்கும். மூழ்கியவரின் உயிர் மேலே கயிறு பிடித்திருப்பவர் கையில். அதனால் மைத்துனரை நம்பித்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. படத்தில் கயிறு பிடித்து நிற்பவர் அந்த மைத்துனர்தானா? வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, படத்தின் விளக்கப் பகுதியில் குறிச்சொற்களாக எழுதிவிடலாம். பிறகு அந்தச் சொல்லைத் தேடினாலே படம் வந்து நிற்கும். தேதியையும் அப்போதே திருத்திவிடலாம்.

குறிச்சொல்லாக ‘தாத்தா’ என்று எழுதுவதுதான் பெரிய வம்பு. ஒருவருக்குத் தாத்தா, இன்னொருவருக்கு மாமா, அடுத்தவருக்குச் சித்தப்பா. பெயரை எழுதுவதே சரி. ஒரே பெயரில் குடும்பத்தில் நாலு பேர் இருந்தால் பட்டப்பெயரையும் சேர்க்கலாம். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஊர்ப்பெயரும் இப்படித்தான். ஒரு படத்தில் தூத்துக்குடி, ஒன்றில் டூட்டிகோரின், இன்னொன்றில் முத்துநகர் என்று இருந்தால் தேடும்போது எல்லாம் சேர்ந்து வராது. 2020இல் அரசே ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, பிறகு திரும்பப் பெற்றது. வீட்டில் ஒரு பெயரை முடிவு செய்தால் அதிலேயே நிற்பது நல்லது.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று எடுத்த படங்கள் குவிந்து கிடக்கும். தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. 2013இல் ஓடியது, அடுத்து 2023இல். அந்தப் படங்களில் மட்டும் ‘தங்கத்தேர்’ என்று ஒரு சொல் இருந்தால் தேடி அலைய வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. கூகுள் போட்டோஸில் எழுதும் விளக்கம் படத்துக்குள் போய் உட்காருவதில்லை, அந்தக் கணக்கோடுதான் இருக்கிறது. கணினி உள்ளவர்கள் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் குறிச்சொற்களைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கலாம். அப்படி எழுதியதையும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் வழியிலேயே உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால், கொழும்பில் இருக்கும் பெரியம்மா மகளுக்கும் கயிறு பிடித்தவர் பெயரோடு போய்ச் சேரும்.