பேய் காக்கும் மரமும் நாம் வெட்டும் மரமும்



நம் பிள்ளைகள் திரையில் காணும் மாயக் கதைகளில் சூனியக்காரிகள் காவல் நிற்கும் காடு ஒன்று தவறாமல் வருகிறது. அதைக் குறை கூறும் நாமோ, "மஃரிபுக்குப் பிறகு அந்தப் புளியமரத்துப் பக்கம் போகாதே, அங்கே ஒருத்தி இருக்கிறாள்" என்று அவர்களிடம் சொல்லி வளர்க்கிறோம். அந்தி வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்ன நபிமொழி வேறு. ஒரு மரத்துக்கு எசமானி இருக்கிறாள் என்று நம்பித் தாயத்துக் கட்டுவது வேறு.

அறியாமைக் கால அரபியர் பள்ளத்தாக்கில் இரவு தங்கும்போது அவ்விடத்து ஜின்களின் தலைவனிடம் அடைக்கலம் தேடினர். அது அவர்களுக்குக் கேட்டையே பெருக்கியது என்பதை ஜின் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் உணர்த்துகிறது. ஓரிடத்தில் இறங்குபவர் அல்லாஹ்வின் நிறைவான சொற்களைக் கொண்டு பாதுகாவல் தேடட்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஹுனைன் பயணத்தில், இணைவைப்போர் ஆயுதங்களைத் தொங்கவிட்ட 'தாத்து அன்வாத்' மரத்தைப் போல் தமக்கும் ஒன்று வேண்டுமெனச் சிலர் கேட்டபோது கடுமையாகக் கண்டித்தார்கள்.

இதுவரை யாரும் மறுக்க மாட்டார்கள். நம் வழக்கு இனிமேல்தான்.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரா கோயில் காடு என்று ஒன்று உண்டு. ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. 2025இல் தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தின் கோயில் காடுகளில் சுள்ளி ஒடிக்கவும் மக்கள் அஞ்சுவர். அந்த நம்பிக்கை நமக்கு உரியதன்று. ஆனால் அங்கே மரம் நிற்கிறது. அச்சத்தை விட்டொழித்தோம் என்று பெருமை பேசும் நம் தெருக்களில் எத்தனை மரம் நிற்கிறது?

அச்சம் போன இடத்தில் சட்டம் வந்திருக்க வேண்டும். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் அப்புனித எல்லைக்குள் முள்ளையும் வெட்டாதீர், வேட்டைப் பிராணியை விரட்டாதீர் என்று அறிவித்தார்கள். வீடுகளுக்கும் கொல்லர்களுக்கும் தேவை என்று அப்பாஸ் (ரலி) கேட்டதால் 'இத்கிர்' புல்லுக்கு மட்டும் விலக்களித்தார்கள். மதீனாவையும் புனித எல்லையாக்கினார்கள். நகீஃ என்னும் மேய்ச்சல் நிலம் 'ஹிமா'வாக, பொதுநலனுக்காகக் காக்கப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் ரபதாவையும் அவ்வாறே காத்தார்கள். அங்கெல்லாம் பேயும் இல்லை, சூனியக்காரியும் இல்லை. அல்லாஹ்வின் கட்டளை இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

நமக்கு அது போதவில்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற விவகாரம். அதற்குத் தொழிற்சாலைகளையும் அதிகாரிகளையும் ஏசுகிறோம், ஏசுவதும் நியாயமே. ஆனால் வீட்டை இடித்த கல்லையும் மண்ணையும் இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டும் வண்டிக்குக் கூலி கொடுப்பவர்களில் நம்மவரும் உண்டு. வலீமா முடிந்து மூட்டை கட்டிய நெகிழித் தட்டுகள் எங்கே போகின்றன என்று மணமகன் வீட்டார் கேட்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் முன் நிற்கும் பழைய வேம்பை, இருசக்கர வண்டிகளை நிறுத்த இடமில்லை என்று வெட்டப் பேச்சு நடக்கிறது. அதில் பேய் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இவ்வளவு எளிதாகப் பேச முடிகிறது. வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஜமாஅத் கூடி முடிவெடுக்கும். வண்டிகளை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நூறடி நடந்து வருவோம் என்று அங்கே எழுந்து சொல்லப் போகிறோம்.