பழைய டிராக்டரும் புதிய எண்ணெயும்

பஞ்சாபில் மோகா, தல்வண்டி சாபோ போன்ற ஊர்களின் பழைய டிராக்டர்ச் சந்தைகளில் வண்டி பார்க்க வருவோர் பலர், முதலில் என்ஜினின் அளவுக் கம்பியை உருவி அதில் ஒட்டிய மசகெண்ணெயின் நிறத்தை நோக்குவர். எண்ணெய் கறுத்திருப்பின் முகம் சுளிப்பர், தேன்நிறமாயிருப்பின் மகிழ்வர். இவ்வழக்கம் மாறுதல் வேண்டும்.

டீசல் எரிகையில் உண்டாகும் கரியைப் பற்றி மிதக்க வைப்பதற்கென்றே மசகெண்ணெயில் சில பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. ஆதலின் நல்ல எண்ணெயும் சில மணி நேர உழைப்பில் கறுத்துவிடும். கறுமை குற்றமன்று, எண்ணெய் தன் வேலையைச் செய்ததன் அடையாளம். மாறாக, இருபது ஆண்டு உழுத வண்டியில் எண்ணெய் பளபளக்குமாயின், விற்பனைக்கு முந்தின நாள் ஊற்றியதோ என ஐயுறுவதே அறிவுடைமை. அவ்வாறு ஊற்றுவோர் வடிகட்டியை மாற்ற மறந்திருப்பர். உண்மை அதனுள் இருக்கும்.

ஆகவே வண்டி வீடு சேர்ந்ததும், உழவுக்கு இறக்குமுன், எண்ணெயையும் வடிகட்டியையும் ஒருங்கே மாற்றிவிட வேண்டும். விற்றவர் சொல்லை நம்பி ஒத்திப்போடுவது சிக்கனமாகாது. ஓரிரவு வண்டியை நிறுத்தி, காலையில் என்ஜினைக் கிளப்பாமலே வடிதிருகைச் சிறிது தளர்த்தினால், தண்ணீர் கலந்திருப்பின் அதுவே முதலில் சொட்டும். எண்ணெயினும் அது கனமானது. சொட்டினால் கசிவைக் கண்டு சீர்செய்யும்வரை என்ஜினை இயக்கலாகாது. இல்லையேல் திருகை இறுக்கி, என்ஜினைச் சூடேற ஓட்டி நிறுத்தி, முற்றும் வடித்துவிடலாம். குளிர்ந்த எண்ணெய் கசடைத் தொட்டியிலேயே விட்டுவிடும். வடிகட்டியை அறுத்துப் பார்த்து, மினுக்கும் துகள்களைக் காந்தத்தால் தொடுக. இரும்பாயின் ஒட்டும், பேரிங்கின் செம்பும் ஈயமும் ஒட்டா. எண்ணெய் குறிக்கு மேலேறி டீசல் மணந்தால், எரிபொருள் உள்ளே கசிகிறது என்பது பொருள்.

சில பட்டறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி என்ஜினை ஓட்டிக் கழுவுவர். இது ஏற்கத்தக்கதன்று, பேரிங்கைத் தாங்கும் பிசுக்கு மண்ணெண்ணெய்க்கு இல்லை. புதிய எண்ணெயையே ஊற்றி, வழக்கமான தவணைக்குக் காத்திராமல் ஐம்பது மணி உழைப்பில் அதையும் வடித்துவிடுதல் நன்று. கியர்ப் பெட்டி எண்ணெயும் மாற்றத்தக்கதே.

பிஞ்சூரில் 1971 முதல் உருவான எச்.எம்.டி. டிராக்டர் போல, உற்பத்தியே நின்றுவிட்ட வண்டிகள் இன்றும் கைமாறுகின்றன. கைந்நூல் பெரும்பாலும் உடன் வருவதில்லை. தம் வட்டாரத்தில் ஓடும் வண்டிகளுக்கேற்ற எண்ணெயின் தரத்தையும் அளவையும் குறித்து வைத்திருப்பது விரிவாக்கப் பணியாளர் கடமையாம். உராய்வை மரக்கட்டை கொண்டு விளக்கும் ஆசிரியர், கண்ணாடிக் குப்பியில் இவ்வெண்ணெயைச் சிறிது ஊற்றிக் காட்டினால் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எளிதில் விளங்கும். வடித்ததைக் கிணற்றோரம் கொட்டலாகாது என்பதையும் அப்பொழுதே சொல்லலாம். மணிகாட்டி நின்றுபோன வண்டியாயின், கொட்டகைச் சுவரில் கரிக்கோடிட்டேனும் உழைத்த மணிகளை எண்ணிவருதல் வேண்டும். அந்த ஐம்பது மணியை வேறு எவ்வாறு அறிவது?