அயலவர் நால்வரில் இருவர்

வட்டுக்கோட்டைக் கமக்காரர் ஒருவரிடம் இரசாயன உரத்தைக் குறைக்கச் சொன்னால், "அயலவர் குறைக்கட்டும், பார்ப்போம்" என்பார். இதைப் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கலாகாது. இதற்குள் ஒரு விதி உண்டு. 1978இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் அதனை விளக்கினார். தருக்கவியலாளர் இன்று அதனை இப்படி எழுதுகின்றனர்: அயலவரில் பாதிப்பேர் மாறியதை ஒருவர் அறிந்தால், அவரும் மாறுவார்.

ஆகவே, ஒழுங்கைக்கு ஒருவராகத் தெரிந்து பயிற்சி கொடுப்பது வீண். நான்கு அயலவரில் ஒருவர் மாறினால் எவரும் அசையார். இருவர் மாறினால் அடுத்தவர் அசைவார், அவரைக் கண்டு மற்றவரும் அசைவார். மாற்றம் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் நைத்திரேற்று வேலி பார்ப்பதில்லை. கிணறுகளைக் காக்க விரும்பினால், தனியாட்களை விட்டு அடுத்தடுத்த தோட்டங்களைச் சேர்த்தே நாம் தொடங்குவோம்.